நாரையை எண்ணுவது போல ஒரு நரம்புக் கணக்கு

வா கண்ணு, இப்படிக் கரைமேல் உட்காரு. இது வேடந்தாங்கல் ஏரி. மாதம் ஜனவரி, நேரம் காலை ஆறரை. தலையில் தொப்பி இருக்கிறதா? கழற்றிவிடாதே. மேலே கிளை, கிளையில் பறவை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் இதே நாளில் என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரை இங்கே கூட்டி வந்தேன். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஆறாம் வகுப்பு. தண்ணீருக்குள் நிற்கும் ஒரு மரத்தைக் காட்டினேன். "அந்த ஒரே ஒரு மரத்துல எத்தனை நத்தைகுத்தி நாரை இருக்கு? எண்ணிச் சொல்லுங்க பார்ப்போம்" என்றேன்.

பெரியவள் 43 என்றாள். சின்னவன் 61 என்றான். அடிதடி ஒன்றுதான் பாக்கி.

"மாமா, இவன் குஞ்சையெல்லாம் சேர்த்து எண்ணுறான்!"

"இவ மட்டும்? நடுவுல பறந்து போனதை விட்டுட்டா மாமா!"

யார் சொன்னது சரி? கொஞ்சம் யோசி. நான் காத்திருக்கிறேன்.

யோசித்தாயா? இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அவளுக்கு வளர்ந்த பறவை மட்டும் கணக்கு. அவனுக்குக் கூட்டில் இருப்பதெல்லாம் கணக்கு. எண்ணத் தொடங்கும் முன்னால் எதை எண்ணப் போகிறோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதே சண்டை மூளையை ஆராய்கிறவர்களுக்குள்ளும் உண்டு என்றால் நம்புவாயா? அவர்கள் எண்ணுவது நாரையை இல்லை, கட்டைவிரலில் வரும் ஒரு குட்டித் துடிப்பை. அந்தச் சண்டையைத் தீர்க்க அவர்கள் மென்பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

"மூளைக்கும் கட்டைவிரலுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று கேட்கிறாய். கெட்டிக்காரக் கேள்வி! அங்கிருந்தே தொடங்கலாம்.

உன் வலது கைக் கட்டைவிரலை ஆட்டு. ஆட்டினாயா? அந்த உத்தரவு உன் மூளையின் இடது பக்கத்திலிருந்து வந்தது. உச்சந்தலைக்கும் இடது காதுக்கும் நடுவில் கையை வை. ஏறக்குறைய அந்த இடத்தில், மண்டை ஓட்டுக்கு உள்ளே, கையை ஆட்டுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு மின் செய்தி கிளம்பி, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கைக்கு வந்து, தசையைச் சுருக்குகிறது.

சரி, நீ ஆட்ட நினைக்காமலே அந்த விரலை வேறு யாராவது ஆட்ட முடியுமா? அதுவும் உன் கையைத் தொடாமல்?

முடியும். பழைய சைக்கிளில் டைனமோ பார்த்திருக்கிறாயா? சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். நின்றால் அணைந்துவிடும். உள்ளே ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் இருக்கின்றன. காந்தம் சும்மா கிடந்தால் மின்சாரம் வராது. காந்தத்தின் பலம் கம்பிக்குப் பக்கத்தில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். (அதனால் வீட்டில் இருக்கும் காந்தத்தைத் தலையில் ஒட்டிப் பார்த்துவிட்டு, 'மாமா, ஒண்ணுமே ஆகலை' என்று எனக்குக் கடிதம் போடாதே. ஒன்றும் ஆகாது.)

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆந்தனி பார்க்கர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த டைனமோ கணக்கை மூளைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் பிடித்து, அதற்குள் பெரிய மின்னோட்டத்தைக் கண் சிமிட்டுவதற்குள் பாய்ச்சி நிறுத்தினார்கள். கண் சிமிட்டுவதற்குள் என்பதும் தப்பு. ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டுகூட ஆகாது. அந்த நொடியில் எழும்பும் காந்தத்தின் பலம், ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தின் பலத்துக்குப் பக்கத்தில் வரும். அது சட்டென்று ஏறி இறங்குவதால் மூளையின் மேற்பரப்பில் சிறிய மின்சாரம் பிறக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது!

இப்போது ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சுருள் பெரும்பாலும் எட்டு என்ற எண்ணைப் போல இருக்கும். இரண்டு வட்டமும் ஒட்டும் இடத்தில்தான் வேகம் அதிகம். இதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் செய்வார்கள். தலைக்குள் உலோகம் ஏதும் இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்றெல்லாம் முதலில் கேட்டுக்கொள்வார்கள்.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் டைனமோவுக்குத் திரும்பிப் போய் இன்னொரு தரம் படி. அவசரமே இல்லை. நாரைகள் எங்கேயும் போய்விடாது.

இப்போது ஒரு விளையாட்டு. ஒரு 30 செ.மீ. அளவுகோல் எடு. உன் தோழி அதன் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்ஜியத்துக்கு நேராக உன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வை. அவள் சொல்லாமல் கொள்ளாமல் விடுவாள். நீ பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தாய் என்று வைத்துக்கொள். அளவுகோல் அவ்வளவு தூரம் விழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அதாவது 200 மில்லி விநாடி. உன் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கைக்கு உத்தரவு போட ஆன நேரம் அது.

காந்தச் சுருள் 'டக்' என்றதும் கைத்தசை துடிக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஏறக்குறைய 20 மில்லி விநாடி. அந்த நேரத்தில் உன் அளவுகோல் எவ்வளவு விழுந்திருக்கும்? இரண்டே மில்லிமீட்டர்! அரிசியின் தடிமன்தான். பார்ப்பது, யோசிப்பது எல்லாவற்றையும் தாண்டிச் சுருள் நேராக உத்தரவு போடும் இடத்தையே தட்டிவிடுகிறது. அதனால்தான் அத்தனை சீக்கிரம். கால் தசைக்கு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். பாதை நீளம் அல்லவா? உயரமான ஆளுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும்.

விரல் துள்ளியதை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்து 'ம், துள்ளியது' என்று எழுதி வைத்தால் போதுமா? போதாது. அதனால் தசையின் மேல் தோலில் சின்னச் சின்ன மின்வாய்களை ஒட்டுவார்கள். தசை சுருங்கும்போது எழும் மின்சாரம் கணினித் திரையில் கோடாக ஓடும். தசை சும்மா இருந்தால் கோடு ஏரித் தண்ணீர் போலத் தட்டையாக இருக்கும். துடித்தால் ஒரு மேடும் ஒரு பள்ளமும் வரும். மேட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தின் அடி வரை எவ்வளவு? அதுதான் துடிப்பின் அளவு.

அது எவ்வளவு சின்னது என்று சொல்லட்டுமா? டார்ச் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட். அதை முப்பதாயிரம் பேருக்குச் சமமாகப் பங்கு போடு. ஒருவர் கைக்கு வருவது 50 மைக்ரோவோல்ட். இந்த அளவாவது எட்டினால்தான் 'துடிப்பு வந்தது' என்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்வது வழக்கம். மாங்கிளையை மெல்ல உலுக்குவது போலச் சுருளின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். பத்துத் தட்டலில் ஐந்துக்காவது 50 மைக்ரோவோல்ட் வருகிற மிகக் குறைந்த வேகம் எதுவோ, அதுதான் அந்த ஆளின் எல்லை. ஆளுக்கு ஆள் இது மாறும்.

கவனித்தாயா? இங்கே விதியை முதலிலேயே பேசிவிட்டார்கள். என் அக்கா பிள்ளைகள் செய்யாத வேலை.

ஆனால் தொல்லை அதோடு தீரவில்லை. ஒரே ஆளின் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் பத்துத் தடவை தட்டினாலும் பத்துத் துடிப்பும் பத்து அளவில் வரும். ஏன்? உன் பள்ளியில் நாலரை மணிக்கு மணி அடிக்கிறதே, அதை நினைத்துக்கொள். தினமும் அதே மணி, அதே சத்தம். ஆனால் பிள்ளைகள் தினமும் ஒரே மாதிரியா வெளியே வருகிறார்கள்? வெள்ளிக்கிழமை முட்டி மோதிக்கொண்டு ஓடி வருவீர்கள். பரீட்சை நாளில் தலையைத் தொங்கப்போட்டு வருவீர்கள். மணி அடிக்கும் நொடியில் எத்தனை பேர் பையை மூடிக்கொண்டு தயாராக இருந்தார்கள் என்பதுதான் கணக்கு. மூளைச் செல்களும் அப்படித்தான். ஒரு நொடி தயாராக இருக்கும், அடுத்த நொடி வேறு வேலையாக இருக்கும்.

அதனால் ஒரே ஒரு தட்டலை நம்ப முடியாது. நிறையத் தட்ட வேண்டும். இங்கேதான் மலை போலக் கணக்கு குவிகிறது. கருவி ஒரு விநாடிக்கு 5,000 எண்கள் குறிக்கிறது என்று வை. ஒரு தட்டலுக்கு அரை விநாடிப் பதிவு. நூறு தட்டல். பெருக்கிப் பார்.

இரண்டரை லட்சம் எண்கள்! அதுவும் ஒரு தசைக்கு, ஒரு ஆளுக்கு.

அந்தக் காலத்தில் காகிதச் சுருளில் கோடு ஓடும். அதை மேசைமேல் விரித்து, நீ விளையாடிய அதே அளவுகோலை வைத்து மேட்டையும் பள்ளத்தையும் அளப்பார்கள். அந்தக் காலம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. டாக்டர் டி. எஸ். கனகா. 1932இல் பிறந்த சென்னைக்காரர். 1968இல் நரம்பு அறுவை சிகிச்சையில் பட்டம் வாங்கிய, இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர். 1975லேயே மூளைக்குள் மெல்லிய மின்முனையைப் பொருத்தி, அதன் வழியே தூண்டிப் பார்த்தவர். வெளியிலிருந்து தட்டும் காந்தச் சுருள் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால்! நூறு தடவைக்கு மேல் ரத்த தானமும் செய்தவர். பாடப் புத்தகத்தில் அவர் படத்தைத் தேடிப் பார்த்து அலுத்துவிட்டேன். நீயாவது பேரை நினைவில் வை.

சரி, மென்பொருளுக்கு வருவோம். அது என்ன செய்கிறது?

முதலில் சுருள் எப்போது 'டக்' என்றது என்று பார்க்கிறது. அதைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்கிறது. பிறகு, அதற்கு முன்னால் தசை அமைதியாக இருந்ததா என்று பார்க்கிறது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

வேடந்தாங்கல்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள், தெரியுமா? பறவை பயந்துவிடும் என்று. இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இப்போது நினைத்துப் பார். நீ நாரை எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு வெடியைப் போட்டால் என்ன ஆகும்? மொத்த மரமும் எழும்பிவிடும். அதற்குப் பிறகு எண்ணி என்ன பயன்?

தசையும் அதே கதைதான். 'டக்' சத்தத்துக்கு முன்பே அந்த ஆள் விரலை லேசாக இறுக்கி வைத்திருந்தால், துடிப்பு பெரிதாக வந்துவிடும். அது மூளையின் சேதியா, இறுக்கத்தின் சேதியா என்று பிரிக்க முடியாது. அதனால் முன்னால் சலசலப்பு தெரிந்தால், மென்பொருள் அந்தத் தட்டலைத் தனியே ஒதுக்கி அடையாளம் போடுகிறது.

அமைதியாக இருந்த தட்டல்களில் மேடு எது, பள்ளம் எது, துடிப்பு எத்தனையாவது மில்லி விநாடியில் தொடங்கியது என்று எடுத்துப் பட்டியல் போடுகிறது. ஒரு மனிதர் நாள் முழுக்கச் செய்கிற வேலை, சில நிமிடத்தில் முடிகிறது. அலுப்பு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கமும் இல்லை. இப்படி ஒரு மென்பொருளை அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் எழுதி, 2019இல் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பெயர் வீட்டா. உள்ளே என்ன விதி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

'அப்படியானால் மனிதரே வேண்டாமா மாமா?'

அப்படிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சின்னப் பையனாக ஓர் ஆய்வுக்கூடத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். துடிப்பை அளக்கும் நிரல் எழுதச் சொன்னார்கள். 'கோட்டில் இருக்கிற பெரிய மேட்டைக் கண்டுபிடி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். ஓட்டினேன். அழகான பட்டியல் வந்தது. எல்லாருக்கும் பெரிய பெரிய துடிப்பு! சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா ஒருவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "தம்பி, இவருக்கு அன்னைக்குக் கையே துள்ளலை. நான் பக்கத்துலதான் இருந்தேன். துடிப்பு எப்படி வந்தது? அதுவும் பூஜ்ஜியம் மில்லி விநாடியிலயே?"

என்ன நடந்தது தெரியுமா? சுருள் 'டக்' என்னும்போது அதன் மின்சாரமே தசைக் கோட்டிலும் ஒரு பெரிய முள் போலக் குத்தி நிற்கும். என் நிரல் அந்த முள்ளை எடுத்துக்கொண்டு துடிப்பு என்று சொல்லிவிட்டது. பள்ளி மணி அடித்த சத்தத்தையே 'பிள்ளைகள் வந்துவிட்டார்கள்' என்று எழுதிக்கொண்ட வாட்ச்மேன் போல!

பிறகு திருத்தினேன். 15ஆவது மில்லி விநாடியிலிருந்து 50 வரை மட்டும் தேடு என்று எழுதினேன். உத்தரவு கைக்கு வந்து சேர நேரம் ஆகும் இல்லையா? அதற்கு முன் எது தெரிந்தாலும் அது மூளையிலிருந்து வந்திருக்க முடியாது. நிரல் மேல் தப்பே இல்லை. நான் சொன்னதைத்தான் அது செய்தது. நான் சொல்லாமல் விட்டதை அது எப்படிச் செய்யும்? அன்றிலிருந்து பட்டியலைக் கொடுக்கும் முன் எல்லாக் கோட்டையும் ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடுவேன்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்க மறந்துவிட்டாயே! பக்கவாதம் வந்து கை அசையாமல் படுத்திருக்கிறார் ஒரு தாத்தா. மூளையிலிருந்து கைக்குப் போகும் பாதை அறுந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? சுருளால் தட்டிப் பார்த்தால், தாத்தா ஆட்ட முடியாத கையிலும் ஒரு குட்டித் துடிப்பு தெரியலாம். தெரிந்தால் கை மீண்டுவர நல்ல நம்பிக்கை உண்டு. அந்தக் குட்டித் துடிப்பை முள்ளோடு குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று நீயே சொல்.

நம் பக்கத்து ஊர் பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஒரு கை சாவியைப் பிடித்துத் திருப்புவதைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பார்க்கிறவரின் மூளையைச் சுருளால் தட்டினார்கள். பார்க்கிறவர் கையை அசைக்கவே இல்லை. சும்மா பார்த்தார். ஆனாலும் அப்படிப் பார்க்கும்போது துடிப்பு கொஞ்சம் பெரிதாகிறது! அடுத்தவர் செய்வதைப் பார்த்தாலே நம் மூளையும் பையை மூடித் தயாராகிவிடுகிறது போலும். மனநோய் உள்ளவர்களுக்கு இந்தத் தயார் நிலை குறைகிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. 'கொஞ்சம் பெரிது' என்பதை நம்ப வேண்டுமானால், அளந்த விதி எல்லாத் தட்டலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் பார்த்து அளவுகோல் வளையக் கூடாது.

நாரைச் சண்டை என்ன ஆயிற்று என்கிறாயா? விதி போட்டோம். வளர்ந்த பறவை மட்டும். கிளையில் இருப்பது மட்டும். பறந்து வந்தால் சேர்க்காதே, பறந்து போனால் கழிக்காதே. முதலில் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, படத்தில் எண்ணினோம். பெரியவளுக்கு 46, சின்னவனுக்கு 47. அந்த ஒன்று நாரையா, கிளை முட்டா என்று வீடு போய்ச் சேரும் வரை பேச்சு ஓடியது.

இப்போது உன் முறை. அளவுகோலை எடு. இருபது தடவை பிடி. தொடங்கும் முன்பே ஒரு தாளில் விதியை எழுது: தோழி விடும் முன்பே விரலை மூடினால் என்ன செய்வது, பிடிக்கவே இல்லையென்றால் என்ன செய்வது என்று. பிறகு இருபது எண்ணையும் வரிசையாக எழுது. மனசுக்குப் பிடிக்காத எண்ணை அழிக்காதே, பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வை. தாளைத் தொலைத்துவிடாமல் வைத்துக்கொள், கண்ணு. அடுத்த இதழில் அந்த இருபது எண்களை வைத்துத்தான் சராசரி போடப் போகிறோம்.